இரண்டு பேர் தண்ணீர்

ஊர் சுற்றிக் காட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். இணையத்தில் ஓடும் ஒரு பயண நிகழ்ச்சியில் பன்னிரண்டு வருடமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பனிமலை, அருவி, தீவு எதுவாக இருந்தாலும் முன்னால் போய் நின்று, "வாங்க, பார்க்கலாம்" என்று சிரிக்க வேண்டும். குளிரில் பல் கிட்டினாலும் சிரிக்க வேண்டும், வயிற்றைக் கலக்கினாலும் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்கு எனக்கு நல்ல பெயர் இருந்தது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று போன் வந்தபோது மேகாலயாவில் இருந்தேன். அம்மா எப்போதோ போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு பையோடு கோவில்பட்டிக்கு வந்தவள், மூன்றாவது வருடமாக இங்கேதான் இருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவருக்கு டயாலிசிஸ். கையில் ஊசி குத்தி, ரத்தத்தை மெஷினுக்குள் அனுப்பிச் சுத்தம் செய்து திருப்பி ஏற்ற நான்கு மணி நேரம் ஆகும். அந்த நான்கு மணி நேரமும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பது என் வேலை. அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று எனக்கு மனப்பாடம்.

வேலையை விடப் போகிறேன் என்று சென்னை அலுவலகத்துக்குச் சொன்னேன். அவர்கள் விடவில்லை. "பக்கத்துல இருக்கிற இடங்களையே பண்ணுங்க மேடம். காலைல போய்ட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். இப்ப அதான் ஓடுது" என்றார்கள். மேகாலயாவின் வேர்ப்பாலத்தில் நின்ற கால் கயத்தாறு விலக்கு ரோட்டில் வந்து நின்றது இப்படித்தான். திங்கட்கிழமையும் புதன்கிழமையும் படப்பிடிப்பு. கேமராக்காரர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வண்டியும் அவரே ஓட்டுவார். அவருக்கும் என்னைப் போலவே அலுப்பு. இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம்.

அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதம் டயாலிசிஸ் செய்துகொண்டார். மூன்றாவது மாதம் ஒரு நாள் காலையில், போதும், இனிமேல் வரமாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன். கடைசியில் அவரே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்.

"எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், இடைசெவல்னு முப்பது வருசம் தொண்ட கிழியக் கத்துனேன். ஒரு ஊர்லயாவது இறங்கிப் பாத்துருப்பனா? பஸ்ஸு நிக்கிறதே ஒரு நிமிசம். நீ அங்கனதான எல்லாம் போற. என்னையுங் கூட்டிட்டுப் போ. ஆஸ்பத்திரிக்கி வாரேன்."

"சரிப்பா."

"இன்னொன்னு. சீக்காளின்னு ஒருத்தர்ட்டயும் சொல்லக்கூடாது. எவனாவது என்னயப் பாத்து உச்சுக்கொட்டுனான்னா அன்னையோட முடிஞ்சிது."

அதற்கும் சரி என்றேன். அவர் படப்பிடிப்புக்கு வரும் வரைக்கும் டயாலிசிஸுக்கு வருவார். டயாலிசிஸுக்கு வரும் வரைக்கும் உயிரோடு இருப்பார். எனக்கு விளங்கிய கணக்கு இவ்வளவுதான்.

முதலில் எட்டயபுரம் போனோம். இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு போலப் புடைத்திருக்கும். அது தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மாட்டிக்கொண்டார். பழைய அரண்மனைச் சுவருக்கு முன்னால் நான் நின்று மன்னர் காலத்துப் பெருமையெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறேன். பின்னால் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் அப்பாவைச் சூழ்ந்துகொண்டு, "கண்டக்டர் அண்ணாச்சியா! என்ன இப்படி மெலிஞ்சிட்டிய?" என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். வலது கையைத்தான் நீட்டியிருந்தார், நல்லவேளை. லட்சக்கணக்கானவர்கள் பார்த்த முகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த என் முகத்தை அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. "இது யாரு, மகளா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்றைக்குத்தான் அப்பா வெகு நாளுக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

இடம் பார்ப்பதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வெயில் தாங்குவார். நடப்பார். தண்ணீர்தான் பெரிய பாடு. சிறுநீர் பிரியாத உடம்பு. குடிப்பதெல்லாம் உள்ளேயே நிற்கும். நெஞ்சில் போய்த் தேங்கும். அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம். காபி, ரசம், சோற்றில் ஊற்றும் மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பேன். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் முதலில் செம்பில் தண்ணீர்தான் வரும். யார், எந்த ஊர், என்ன விஷயம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு குடம் தண்ணீருக்கு லாரி வரும் நேரம் பார்த்துக் காத்துக் கிடக்கிற ஊரிலும் இப்படித்தான்.

நானும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். செம்பு வருவதற்கு முன்பே முந்திக்கொண்டு, "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாரோம்" என்று சொல்லிவிடுவேன். எனக்கும் சேர்த்துத்தான். குடிக்க உட்கார்ந்தால் பேச்சு வளரும், வெயில் ஏறும், காட்சி கெட்டுவிடும். இரண்டு வருடம் இந்த ஒரே பொய்யில் வண்டி ஓடியது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "டவுன்காரவுக, நம்ம தண்ணி ஒத்துக்கிடாது" என்று சிரித்துக்கொண்டே செம்பை உள்ளே கொண்டுபோனார்கள்.

தை மாதம் பிறந்த புதிதில் ஒரு திங்கட்கிழமை இடைசெவலைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் போனோம். கொத்தமல்லி பூத்திருந்தது. கரிசல் மண் முழுக்க வெள்ளையும் வெளிர் சிவப்புமாகப் பொடிப் பூ. காற்றடித்தால் மல்லி வாசனை ரோட்டுக்கு வரும். அதைப் பார்க்கக் காரில் ஆட்கள் வரத் தொடங்கியிருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் பெய்த தூறலில் மண் இளகி, பத்து அடி நடப்பதற்குள் செருப்பில் அப்பி, காலைத் தூக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். எரிச்சலான எரிச்சல். காலை வெளிச்சம் எட்டரை மணி வரைக்கும்தான் நன்றாக இருக்கும். அப்போதே எட்டு.

நல்ல பூ இருந்த கொத்தமல்லிக் காடு ஊருக்குத் தெற்கே தனியாக இருக்கும் தெருவை ஒட்டி இருந்தது. குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்த பெண்மணி அந்தத் தெருவில் கடைசி வீடு. ஐம்பது வயது இருக்கும். படம் எடுக்கலாமா என்று கேட்டோம். "தாராளமா எடுங்க தங்கச்சி. மிதிச்சிராம மட்டும் வரப்புல போங்க" என்றார். அப்பாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதன்பின் உள்ளே போய், விளக்கிப் பளபளவென்று இருந்த எவர்சில்வர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா கையை நீட்டிவிட்டார். நான் குறுக்கே புகுந்து, செம்பை அப்படியே அந்த அம்மா பக்கமாகத் தள்ளி, "வேண்டாங்கக்கா, நாங்க இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றேன். எல்லா வீட்டிலும் சொன்ன அதே பொய். அதே சிரிப்பு.

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார்.

"சரிங்க மேடம். கடைல கலர் வாங்கியாரச் சொல்லட்டா? மூடி தெறக்காமத்தான் இருக்கும்."

சற்று முன்பு வரை தங்கச்சியாக இருந்தவள் மேடம் ஆகிவிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. சாதி பார்க்கிறவர்கள் அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்கவோ, ஆள் கூப்பிடவோ வந்தால், வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். மூடி திறக்காத கலர் சோடா பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். மேலத்தெருவில் நான் சொன்ன வேண்டாமும் இந்தத் தெருவில் நான் சொன்ன வேண்டாமும் ஒன்று இல்லை. வெளியூரில் பிறந்த ஒருத்தி செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டாள் என்று விடலாம். நான் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரியும். தெரிந்தும், வெளிச்சம் போகிறதே என்ற அவசரத்தில், எந்த வாசலில் நிற்கிறேன் என்பதையே பார்க்கவில்லை.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொன்னால் அப்பா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"இங்கன கொண்டாம்மா. அவ கெடக்கா, கூறுகெட்டவ. எனக்கு நா வறண்டுல்லா கெடக்கு."

வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கவில்லை. செம்பில் வாய் வைத்து, மடக்கு மடக்காக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். சனிக்கிழமைக்குப் பிறகு மெஷினில் ஏறாத உடம்பு. அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மடக்கோடு நிறுத்தியிருந்தால் நான் செய்ததற்கு அது போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெறும் செம்பைக் கொடுத்துவிட்டு, "நல்ல தண்ணிம்மா" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் படம் எடுத்தோம். கொத்தமல்லிப் பூவுக்கு நடுவில் நின்று, "வாங்க, பார்க்கலாம்" என்று சிரித்தேன். வண்டியில் திரும்பும்போது அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினார்.

"முப்பது வருசம் எல்லாரையும் ஒரே சீட்டுல உக்காரவச்சிக் கூட்டிட்டு வந்தேன். தள்ளி உக்காருன்னு சொன்னவன பஸ்ஸ விட்டு எறக்கி விட்டுருக்கேன். நீ ஒரு நிமிசத்துல என் மானத்த வாங்கிட்டியேட்டி."

கேமராக்காரர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

மத்தியானத்துக்கு மேல் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. படுக்க முடியவில்லை. மறுநாள் முறைக்குக் காத்திராமல் அன்று சாயங்காலமே மெஷினில் போட்டார்கள். எடை பார்த்த நர்ஸம்மா, "என்ன, கண்மாயையே குடிச்சிட்டு வந்துருக்காவ போலுக்கே! யாரு குடுத்தா?" என்று சத்தம் போட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அப்பா, "ஒரு வீட்ல குடுத்தாவம்மா" என்று மட்டும் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அவரை நினைத்துப் பயம் வந்ததைவிட, புதன்கிழமைப் படப்பிடிப்பு போயிற்றே என்ற கோபம்தான் முதலில் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

இனிமேல் அவரை எங்கும் கூட்டிப்போகக் கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் கைமீறிவிடும் என்றார் டாக்டர். சரி என்றேன். மனதுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் அவரை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். செவ்வாய்க்கிழமை அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தார். வியாழக்கிழமை காலையில் ஆட்டோ வாசலில் வந்து நிற்கிறது, அவர் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"நான் வரல."

"விளையாடாதீங்கப்பா. ஆட்டோ நிக்கி."

"அனுப்பிரு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மூன்று வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. என் வேலை, என் வயது, அந்தச் சுவரில் இருக்கும் விரிசல் வரைக்கும் சொன்னேன். கடைசியில், "சாகணும்னா செத்துப் போங்க, எனக்கென்ன" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"அதான சொல்லுதேன். ஒனக்கும் அலுத்துப்போச்சு. எத்தன நாளக்கித்தான் சொமப்ப? இங்கன உக்காந்து செவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கதுக்கு எனக்கும் என்னத்துக்கு உசுரு? நீ ஒன் பழய வேலைக்கிப் போ."

அந்த நேரத்தில் எனக்குள் ஒரு கதவு திறந்தது போல இருந்தது. போகலாம். ஒரு பையோடு வந்தவள், அதே பையோடு போகலாம். அந்த நினைப்பு வந்தது ஒரு நொடிதான். ஆனால் அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று தெரிந்தபோது எனக்கு என்னைக் கண்டே பயம் வந்துவிட்டது. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"திங்கக்கிழம வாங்க. கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"தண்ணி குடுப்பாவளே."

"குடுக்கட்டும். ஒரு மடக்கு நீங்க குடிங்க. மீதிய நான் குடிக்கேன்."

"எல்லா வீட்லயுமா?"

"எல்லா வீட்லயும்."

பிறகு, "அந்த முழுக்கைச் சட்டைய எடு" என்றார். பொத்தானை நான் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை முதலில் எங்கே போகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேமராக்காரரிடம் மல்லிக்காட்டுக்கு விடச் சொன்னேன். பூவெல்லாம் உதிர்ந்து காய் பிடித்திருந்தது. படம் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. அந்த அம்மா வண்டியைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தார். "வாங்க அண்ணாச்சி" என்றார். நாற்காலி போட்டார். உள்ளே போய்ச் செம்போடு வந்து அப்பாவிடம் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, மரியாதையாக, "மேடம் குடிக்க மாட்டாகள்ல" என்றார்.

அந்த வார்த்தைக்கு நான் என்ன சொல்லியிருந்தாலும் சமாதானம் சொன்னது போலத்தான் இருந்திருக்கும். அப்பா ஒரு மடக்குக் குடித்தார். செம்பை என்னிடம் நீட்டினார். அதே செம்பில், அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தேன். கொஞ்சம் உப்புக் கரித்தது. பாதியில் மூச்சு முட்டியது. நிறுத்தவில்லை. அந்த அம்மா செம்பு காலியாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு நான் செஞ்சது தப்புக்கா" என்றேன்.

அந்த அம்மா செம்பை வாங்கிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் வேணுமா?" என்றார்.

வயிறு நிறைந்திருந்தது. "குடுங்க" என்றேன்.

அன்றிலிருந்து இப்படித்தான் போகிறது. ஒரு நாளைக்கு நான்கு வீடு என்றால் நான்கு செம்பு. வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கக் குலுங்கக் கேமரா முன்னால் நின்று கழுகுமலைச் சிற்பத்தைப் பற்றிப் பேசுகிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத கரிசல் காட்டில் ஒரு பொம்பளை இவ்வளவு தண்ணீரைக் குடித்துவிட்டு என்ன பாடுபடுவாள் என்பதை எந்தப் பயண நிகழ்ச்சியிலும் காட்டமாட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் யார் வீட்டில் கக்கூஸ் இருக்கிறது என்பதுதான் இப்போது நான் முதலில் விசாரிக்கும் தகவல். அப்பாவுக்கு அதில் ஒரே சிரிப்பு.

அலுப்பு தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்தால் அதே ஆட்டோ, அதே நாற்காலி, அதே சுவர். போன மாதத்திலிருந்து அவர் நடை தளர்ந்துவிட்டது. வண்டியிலிருந்து வீட்டு வாசலுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். நேற்று ஒரு வீட்டில் அவர் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. உதட்டை நனைத்துவிட்டு முழுச் செம்பையும் என்னிடம் கொடுத்துவிட்டார். கனமாக இருந்தது. குடித்தேன். என் பங்கை மட்டும் குடித்துவிட்டு ஒரு வாசலிலிருந்து எழுந்துவரப்போகிற நாளை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.